பேரேட்டில் ஒரு பல்செட்

போன வருடம் கண்டனூர் வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு மாற்ற வேண்டியிருந்தது. பெங்களூரிலிருந்து நான்கு நாள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வளவு அறைகளைக் காலி செய்யும்போது பெட்டகத்தின் அடியிலிருந்து பர்மா அரக்குப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே நகை இருக்குமென்று பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். திறந்தால் பல்செட். மேல்வரிசை மட்டும், காய்ந்த ரத்தம் போன்ற கருஞ்சிவப்பில் அண்ணம், அதில் மஞ்சளேறிய பதினான்கு பற்கள். சின்னப் பெண் ஒருத்தி கத்திக்கொண்டே ஓடினாள். அப்பத்தா மட்டும் அசையவில்லை.

"அது ஒங்க பாட்டையாவோடதுப்பா. ரங்கூன்ல சீனாக்காரன் கட்டுனது. கொண்டுவிக்கப் போனவுக, பல்லையும் கட்டிக்கிட்டு வந்துட்டாகன்னு ஊரே பேசுச்சாம்."

இதைச் சொல்லும்போது அப்பத்தாவின் வாயில் மிச்சமிருந்தது ஐந்து பற்கள். அவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. இந்தக் கட்டுரை அந்தப் பல்செட்டுக்கும் அந்த ஐந்து பற்களுக்கும் நடுவில் இருக்கும் கணக்கைப் பற்றியது.

அந்தக் கருஞ்சிவப்புப் பொருளின் பெயர் வல்கனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்குவது. 1851ல் நெல்சன் குட்இயர் இந்தக் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். வாயின் அச்சுக்கு ஏற்ப வார்க்க முடிந்ததால், தங்கத்திலும் தந்தத்திலும் பணக்காரர்கள் மட்டும் கட்டிக்கொண்டிருந்த பல்செட் நடுத்தர வர்க்கத்துக்கு இறங்கி வந்தது. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வரும்வரை உலகம் முழுக்க இதுதான். ஆக, எங்கள் பெட்டியில் இருந்தது அதற்கு முந்தைய காலத்துச் சரக்கு.

சீனாக்காரர் என்பதும் கட்டுக்கதையாக இருக்க வேண்டியதில்லை. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் பல் வைத்தியத்தைக் குடும்பத் தொழிலாகச் செய்தார்கள். அப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்வதுதான் படிப்பு. அங்கிருந்து இந்தியாவின் பல ஊர்களுக்குப் பரவினார்கள். சென்னையில் இருந்த சீனப் பல் வைத்தியக் குடும்பங்களில் சில, 1942ல் ஜப்பானியர்கள் பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்து தப்பி வந்தவை. நம் ஊர்க்காரர்கள் லேவாதேவிக் கடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்து வந்த அதே வருடம்.

பெட்டியோடு சில பேரேடுகளும் இருந்தன. கரையான் தின்றது போக மிஞ்சியதில், வீட்டுச் செலவுப் பக்கமொன்றில் 'பல் கட்டின வகையில்' என்று பாட்டையா பெயரில் ஒரு பற்று. அடுத்தடுத்த வருடங்களின் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். வீட்டுப் பெண்கள் பெயரில் வைத்தியச் செலவு இருக்கிறது, பிரசவச் செலவு இருக்கிறது. பல் செலவு ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குப் பல் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கிராம்பையும் உப்புத் தண்ணீரையும் யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை.

இந்தக் கணக்கைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் அப்பா. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. காரைக்குடியில் பல் டாக்டர் பார்த்துவிட்டு ரூட் கெனால், கேப் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் ஆகும் என்றார். அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். பத்து நாளில் வலி தானாக நின்றுவிட்டது. "பாத்தியா, ஒம்பதாயிரம் மிச்சம்" என்று போனில் சிரித்தார்.

வலி ஏன் நின்றது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிட்டால் வலி நின்றுவிடும். கிருமி நிற்காது, வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். சர்வரில் ஏதோ தப்பு நடக்கிறது, அலாரம் அடிக்கிறது. யாரோ அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். திரை பச்சையாகத் தெரிகிறது, எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அதே கதைதான்.

எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அப்பாவின் தாடைக்குக் கீழே வீங்கியது. விடிவதற்குள் நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறியது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மனியின் வில்ஹெல்ம் லுட்விக் 1836ல் விவரித்த நோய், இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்கின் அடிக்கும் கழுத்துக்கும் பரவி மூச்சுக்குழாயை நெரிப்பது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. அப்பா பிழைத்தார். கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள், பல்லையும் எடுத்தார்கள். மூன்று நாள் ஐசியூ, மொத்தம் ஏழு நாள். பில் 2,10,000 ரூபாய்.

கம்பெனி இன்ஷூரன்ஸ் அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டது. அதே பாலிசியில் 9,000 ரூபாய் ரூட் கெனாலுக்கு இடமில்லை. நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில், விபத்தில் அடிபட்டாலொழிய, கிளினிக்கில் உட்கார்ந்து செய்துகொள்ளும் பல் சிகிச்சை விலக்குப் பட்டியலில்தான் இருக்கிறது. பல்லில் இருக்கும்வரை அது உங்கள் பிரச்சினை. கழுத்துக்கு இறங்கினால்தான் அது நோய்.

பல் எப்போது உடம்பிலிருந்து பிரிந்தது?

ரொம்ப காலம் சேர்ந்துதான் இருந்தது. பலுசிஸ்தானின் மெஹர்கரில் கிடைத்த, 7,500 முதல் 9,000 வருடம் பழமையான எலும்புக்கூடுகளில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் துளையிட்ட தடம் இருப்பதை 2006ல் அறிவித்தார்கள். கல் முனையால் துளையிட்டிருக்கிறார்கள், துளையிட்ட பிறகும் அவர்கள் மென்று வாழ்ந்திருக்கிறார்கள். பல் வைத்தியம் உலோகத்துக்கும் மூத்தது.

பிரிவு நடந்ததற்கு ஒரு வருடம் சொல்ல முடியுமென்றால் 1840ஐச் சொல்லலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது, மருத்துவக் கல்லூரிக்கு வெளியே தனியாக. அதன் பிறகு உலகம் முழுக்க இதுவே வழக்கமாகிவிட்டது. தனிக் கல்லூரி, தனிப் பட்டம், தனிச் சட்டம், கடைசியில் தனி பில்.

நடுவில் ஒருமுறை பல்லை உடம்போடு மறுபடியும் சேர்க்கப் பார்த்தார்கள், அது விபரீதமாக முடிந்தது. 1900ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாயில் இருக்கும் அழுகல்தான் உடம்பின் பல நோய்களுக்குக் காரணம் என்று எழுதினார். அதில் உண்மை இருந்தது. ஆனால் அடுத்த முப்பது வருடங்களில் மூட்டுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் பற்களைப் பிடுங்கினார்கள், நல்ல பற்களையும் சேர்த்து. பல் போன பிறகும் மூட்டுவலி போகவில்லை. 1930களின் கடைசியில் இந்தக் கொள்கை சரிந்தபோது, பல்லுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் என்று பேசுவதே மரியாதைக் குறைவாகிவிட்டது. 1989ல் பின்லாந்து ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்தவர்களின் வாய் மற்றவர்களின் வாயைவிட மோசமாக இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் பேச்சு திரும்பவும் சூடுபிடித்தது.

இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஈறு நோயும் இதய நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன, ஆனால் ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012ல் சொன்னது. புகையிலை இரண்டுக்குமே பொதுவான காரணம். ஆனால் இதய வால்வில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்களுக்கு வாயின் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காருவது உறுதியான விஷயம். சர்க்கரையும் அப்படித்தான். சர்க்கரை கூடினால் ஈறு கெடுகிறது, ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படுவதில்லை. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சுமார் 0.4 புள்ளி இறங்குவதைப் பல பரிசோதனைகளின் தொகுப்பு காட்டுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்து டாக்டர்கள் எதிர்பார்ப்பதும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இருபது வருடமாக அப்பத்தாவின் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்த எந்த டாக்டரும் அவரை வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

இந்தியாவில் இந்தக் கதை ஒரு சோடாக் கடையில் தொடங்குகிறது. ரஃபியுதீன் அகமது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915ல் பல் மருத்துவம் முடித்துவிட்டுத் திரும்பி வந்து, 1920ல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். காசுக்கு அவர் கண்ட வழி, 'நியூயார்க் சோடா ஃபவுன்டன்' என்ற கடை. ஊருக்கு இனிப்பு விற்ற காசில் ஊரின் பல்லுக்கு வைத்தியர்களை உருவாக்கினார். ஜின்னாவின் தங்கை பாத்திமா அங்கே படித்தவர், 1923ல் பம்பாயில் கிளினிக் வைத்தார்.

1948ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதில் இரண்டு பதிவேடுகள். படித்தவர்கள் முதல் பகுதியில். படிக்காமல், ஆனால் குறைந்தது ஐந்து வருடமாக அதையே பிழைப்பாகச் செய்தவர்கள் இரண்டாம் பகுதியில். சீனாக்காரர்களையும் கடைத்தெருவில் பல் கட்டியவர்களையும் சட்டம் ஒரேயடியாக வெளியே தள்ளிவிடவில்லை. பின்னால் வந்த திருத்தத்தில், கலவரத்துக்குப் பயந்து தாயகம் திரும்பிய இந்திய வம்சாவளிப் பல் வைத்தியர்களுக்காகப் பர்மா, இலங்கை, உகாண்டா என்று நாடுகளின் பெயரே வருகிறது. பர்மா என்ற சொல்லை ஒரு பல் சட்டத்துக்குள் படித்தபோது எங்கள் அரக்குப் பெட்டிதான் ஞாபகம் வந்தது.

காரைக்குடியில் சிக்ரி ஆய்வகம் திறந்த அதே 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. 1980ல் சிதம்பரத்தில், கானாடுகாத்தான் குடும்பம் உண்டாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. பின்னாளில் அது அரசிடம் போனது. 2023ல் எங்களுக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டையில், அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள்.

செலவு விஷயத்தில் பணக்கார நாடுகளும் தடுமாறித்தான் இருக்கின்றன. பிரிட்டன் 1948 ஜூலையில் இலவச மருத்துவத்தைத் தொடங்கியபோது பல்லும் அதில் இருந்தது. காலங்காலமாக வலியோடு காத்திருந்த ஜனம் பல்செட்டுக்கு முண்டியடித்தது. கொரியப் போர் செலவு வந்ததும் 1951ல் அரசு முதலில் கை வைத்தது பல்செட்டிலும் மூக்குக்கண்ணாடியிலும்தான். அந்தத் திட்டத்தையே உருவாக்கிய அன்யூரின் பெவன் அதை எதிர்த்து மந்திரி பதவியை விட்டார். 2007ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் டியாமான்டே டிரைவர் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், பல்லின் சீழ் மூளைக்குப் போய் இறந்தான். பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். அவனைக் காப்பாற்ற முயன்ற செலவு சுமார் இரண்டரை லட்சம் டாலர்.

வட்டிக் கணக்கு தெரிந்த ஊருக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. சொத்தை என்பது கடன். அடைக்கும்போது சில நூறு, ரூட் கெனாலில் சில ஆயிரம், ஐசியூவில் லட்சம். கூட்டு வட்டி. சாப்பிட்டுப் படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் இரண்டு நிமிடம் தேய்ப்பதுதான் இதில் ஆக மலிவான தவணை. வெற்றிலையோடு பாக்கை விடுவது அடுத்தது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ல் வகைப்படுத்தியது. இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப கல்யாண வீட்டுல எதை வச்சு அழைக்கிறது?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் தவணை கட்டக்கூட முடியாதவர்களிடம் வட்டியைப் பற்றிப் பாடம் எடுப்பதில் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டில் ஓடு மாற்ற வந்தவர்களில் ஒருவர் நான்கு நாளும் கன்னத்தில் கைவைத்தபடியே வேலை செய்தார். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, அப்புறம் டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம். அப்பா 9,000 ரூபாயைச் சேமித்தது கஞ்சத்தனத்தால். இவர் சேமிப்பது வேறு வழியில்லாமல். காப்பீடு ஐசியூ வாசலில் காத்திருக்காமல் பல் நாற்காலி வரை வந்தால்தான் இவருடைய கணக்கு மாறும். அரசாங்கத்துக்கும் அதுதான் லாபம்.

லீவை இரண்டு நாள் நீட்டித்து, அவரையும் அப்பத்தாவையும் ஒரே காரில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு அன்றே பல்லை எடுத்துவிட்டார்கள். அப்பத்தா கூடத்து நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தார். "எண்பத்தஞ்சு வயசுல எனக்கு எதுக்குய்யா பல்லு? ஊரு சிரிக்கும்" என்று மூன்று முறை சொன்னார். நான்காவது முறை, "பாட்டையாவுக்குக் கட்டுனப்ப அவுகளுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார்.

முதலில் ஈறு சிகிச்சை, சர்க்கரை இறங்கியதும் ஆட்டம் கண்ட பற்களை எடுத்துவிட்டு செட். ஆறு நடை ஆயிற்று. இப்போது அவர் வேர்க்கடலை சாப்பிடுகிறார், மெதுவாக. மூன்று மாதச் சர்க்கரை 9.1லிருந்து 8.4க்கு வந்திருக்கிறது. மாத்திரையும் மாற்றினார்கள், ஆகவே எல்லாவற்றையும் ஈறு கணக்கில் வரவு வைக்க மாட்டேன்.

அடுத்த மாதம் அப்பாவின் இன்னொரு கடைவாய்ப் பல்லை அடைக்க வேண்டும். இன்னும் வலிக்கவில்லை. அதனால்தான் இப்போதே போகிறோம்.