சகுவாரோ

சகுவாரோ, வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்துக்கே உரிய நெடுங்கள்ளி. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் பரவலாக வளர்கிறது. 12 மீட்டரையும் தாண்டும். 150 முதல் 200 ஆண்டுகள் வரை வாழும். முதல் பூவுக்கே ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும். பக்கக் கிளை விட அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும்.

ஏப்ரல் இறுதி முதல் ஜூன் வரை தண்டின் உச்சியில் வெண்ணிறப் பூக்கள் மலர்கின்றன. இரவில் விரியும் பூ மறுநாள் பிற்பகலில் வாடிவிடும். தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்ளாத செடி இது. அந்தச் சில மணி நேரத்துக்குள் மெக்சிகோவிலிருந்து வலசை வரும் தேனுண்ணும் வௌவால்கள் இரவிலும், வெள்ளைச்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் பகலிலும் மகரந்தத்தைக் கடத்தியாக வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் பழம் முற்றி வெடிக்கும். உள்ளே சிவந்த இனிப்புச் சதை. அதில் ஏறத்தாழ 2,000 கருவிதைகள்.

இந்தப் பழத்தை நன்கறிந்தவர்கள் தோஹோனோ ஊதாம் பழங்குடியினர். அவர்களுக்குப் புத்தாண்டு பிறப்பதே பழப் பறிப்போடுதான். பட்டுப்போன சகுவாரோவின் உள்விலாக் குச்சிகளை இணைத்து நீண்ட தொரட்டி செய்து பழத்தைத் தள்ளுவார்கள். பழத்தோடு ஒட்டிக் காய்ந்திருக்கும் பூவே தோலைக் கீறும் கத்தி. சதையை எடுத்தபின் தோலைச் சிவந்த உட்புறம் வானைப் பார்க்கத் தரையில் வைப்பார்கள். மழைக்கான வேண்டுதல் அது. சதையை நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, மீண்டும் பாகாகக் காய்ச்சுவார்கள். பாகில் ஒரு பங்கைப் புளிக்கவைத்து மழைச் சடங்கில் பருகுவார்கள். விதையும் வீணாவதில்லை, மாவாகும். 1853இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் கையெழுத்திட்ட கேட்ஸ்டன் நில ஒப்பந்தத்தால் அவர்கள் மண்ணின் குறுக்கே இரு நாடுகளின் எல்லை விழுந்தது. ஆயினும் பழப் பறிப்பு நிற்கவில்லை.

ஜார்ஜ் எங்கெல்மன் இச்செடியை 1848இல் அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1908இல் பிரிட்டன், ரோஸ் என்ற தாவரவியலாளர் இருவர் இதைத் தனிப் பேரினமாக்கி, செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரை இட்டனர். அவர் நிறுவிய அமைப்பு 1903இல் டூசான் நகரில் தொடங்கிய பாலைவன ஆய்வகத்தில்தான் ஃபாரஸ்ட் ஷ்ரீவ் இதன் வளர்ச்சியை ஆராய்ந்தார். இளங்கன்றுகள் அரிதாகவே தென்படுவதை 1910லேயே எழுதினார். என் மதிப்பில் சகுவாரோ வரலாற்றில் அதைவிட முக்கியமான எச்சரிக்கை வேறில்லை.

1933இல் டூசானுக்கு அருகே உள்ள சகுவாரோக் காடு தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1994இல் தேசியப் பூங்காவானது. அங்கே 1930களின் இறுதியிலேயே பெருங்கள்ளிகள் அழுகிச் சாயத் தொடங்கின. பாக்டீரியா நோய் என்று கருதி 1941இல் நோயுற்றவற்றை வெட்டிப் புதைத்தனர், பயனில்லை. 1937 ஜனவரியின் கடும் உறைபனி அவற்றை முன்பே தாக்கியிருந்தது. முதியவை சாய்ந்த இடத்தை நிரப்ப இளங்கன்றுகளும் இல்லை. ஏனென்றால் எட்டு ஆண்டுகளில் நான்கு சென்டிமீட்டர்கூட வளராத கன்று, வெயிலுக்கும் பனிக்கும் தப்ப வேறொரு மரத்தின் நிழலில் ஒதுங்கியே பிழைக்கும். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் உறவான மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற அம்மரங்கள் விறகுக்கு வெட்டப்பட்டன. கன்றுகளை மாடுகள் மிதித்தன. பூங்காவில் மேய்ச்சல் முழுதாக நின்றது 1970களின் இறுதியில்தான்.

இன்றைய பேராபத்து ஒரு புல். கொங்கு நாட்டின் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் காங்கயம் மாடுகளுக்கு உணவாகும் கொழுக்கட்டைப் புல்லேதான் அது! 1930களில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. முன்பு செடிகளுக்கிடையே வெறுந்தரை இருந்ததால் பாலைவனத்தில் தீ பரவாது. அந்த இடைவெளியை இப்புல் நிரப்பிவிடுகிறது. தீயைத் தாங்கும் இயல்போ சகுவாரோவுக்குக் கிடையாது. 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரின் வெப்பம் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோது, முதிர்ந்த சகுவாரோக்களின் கிளைகள் முறிந்தன. சில அடியோடு சாய்ந்தன.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. மகரந்தம் கடத்தும் வௌவாலினம் மீண்டு, 2018இல் அமெரிக்காவின் அழிநிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் இந்த ஆண்டு முளைக்கும் கன்று பூப்பதற்கு 35 ஆண்டுகள் தீயின்றிக் கழிய வேண்டும். வேலியிடுவதைவிடவும் புதிதாக நடுவதைவிடவும் அந்தப் புல்லைத் தூரோடு அகற்றும் பணிக்கே முதலிடம் தர வேண்டும்.