ரிங்கோல்டு ஊரின் நினைவுக் கற்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் வட எல்லையை அடுத்து ரிங்கோல்டு என்றொரு சிற்றூர் உண்டு. 1846ஆம் ஆண்டு மெக்சிக்கோவுடன் நிகழ்ந்த போரில், பாலோ ஆல்ட்டோ களத்தில் புண்பட்டு உயிர் நீத்த மேஜர் சாமுவேல் ரிங்கோல்டு என்பாரின் பெயரே அவ்வூருக்கு வாய்த்தது. ஊர்ப் பெயரே ஒரு நடுகல் எனலாம்.

அங்கே 1849இல் கட்டிய இரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. அதன் சுவர்கள் மணற்கல்லால் ஆனவை. 1863ஆம் ஆண்டுப் போரில் சிதைந்த பகுதிகளைப் பின்னர்ச் சுண்ணாம்புக் கல்லால் செப்பனிட்டனர். இருவகைக் கல்லின் நிற வேறுபாடு கண்ணுக்குப் புலனாகிறது. எழுத்துப் பொறித்த பலகைகள் பலவற்றினும் இச்சுவரே தெளிவாகப் பேசுகிறது என்பது என் கருத்து.

ஊருக்கு வடக்கே இரண்டு மைல் அளவில், இருப்புப் பாதையோரம் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அதன் வரலாறு இரயில்வே குடும்பத்தார் அனைவரும் அறியத் தக்கது.

அடிமை முறையை முன்னிட்டு வடக்கும் தெற்கும் பொருத காலம் அது. 1862 ஏப்ரல் 12ஆம் நாள், வட திறத்து ஒற்றரான ஜேம்ஸ் ஆண்ட்ரூசும் அவருடன் 19 பேரும் பயணிகள் போல் வேடம் பூண்டு வந்தனர். பிக் ஷாண்டி நிலையத்தில் வண்டிப் பணியாளர்கள் காலை உணவுக்கு இறங்கிய வேளையில், ‘ஜெனரல்’ என்னும் எஞ்சினைக் கடத்திச் சென்றனர். தந்திக் கம்பிகளை அறுத்து, பாலங்களை எரித்து, சாட்டனூகா நகரைத் துண்டிப்பதே அவர்தம் நோக்கம்.

வண்டியின் கண்டக்டர் வில்லியம் புல்லர் விட்டாரில்லை. முதலில் கால்நடையாக ஓடினார். பின்பு தள்ளுவண்டியில் சென்றார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று எஞ்சின்களில் துரத்தினார். கடைசி எஞ்சினான ‘டெக்சாஸ்’ பின்னோக்கியே ஓடியது. ஒற்றைப் பாதையின் இயல்பு நம்மவர்க்குத் தெரியும். எதிர்வண்டிகளுக்கு வழிவிட்டுக் கிங்ஸ்டன் நிலையத்தில் ஆண்ட்ரூஸ் ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. மழையில் நனைந்த பாலமும் தீப்பற்றவில்லை. 87 மைல் ஓடியபின், ரிங்கோல்டைக் கடந்த இடத்தில் நீராவி தீர்ந்து ஜெனரல் நின்றது. அவ்விடத்தையே அக்கல் குறிக்கிறது.

பிடிபட்டோருள் ஆண்ட்ரூஸ் உட்பட எண்மர் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் சாட்டனூகாவில் அடக்கமாயினர். அங்கே ஒஹையோ மாநிலத்தார் எழுப்பிய நினைவுச் சின்னத்தின்மேல் அதே எஞ்சினின் வெண்கல உருவம் விளங்குகிறது. புல்லருடைய கல்லறை அட்லாண்டாவில் உளது. அமெரிக்கப் படையின் தலையாய விருதான கௌரவப் பதக்கம் 1863 மார்ச்சில் முதன்முதல் வழங்கப்பட்டது இக்குழுவினருக்கே. தூக்கிலிடப்பட்ட ஷாட்ராக், வில்சன் என்னும் இரு வீரர்க்கோ அது 2024 ஜூலையில்தான் கிட்டியது. போர்வீரர் அல்லாத குடிமகனாதலின் ஆண்ட்ரூசுக்குப் பதக்கம் இல்லை.

ஊரின் மற்றொரு சின்னம் தளபதி பாட்ரிக் கிளிபர்னுடைய சிலை. அயர்லாந்தில் பிறந்து தென் திறத்துப் படையில் உயர்ந்த அவர், 1863 நவம்பர் 27ஆம் நாள், ஏறத்தாழ 4,000 வீரர்களுடன் மலைக் கணவாயில் நின்று, தம்மினும் மும்மடங்கு பெரிய படையை ஐந்து மணி நேரம் தடுத்தார். பின்வாங்கிய தென் படை அதனால் தப்பியது. சிலை நிறுவப்பட்டது 2009இல்.

கல்லில் பெயர் பெறாதோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜார்ஜியாவின் 10,57,286 மக்களில் 4,62,198 பேர் அடிமைகள். ஏறக்குறைய பாதி மக்களின் விடுதலையே வழக்காக இருந்த போருக்கு, தளபதிகளின் பெயரே கற்களில் மிகுதி.

அவ்வடிமைகளைப் பற்றி ஒரு சொல் சொன்னவர் கிளிபர்னே. கணவாய்ப் போர் முடிந்த இரண்டாம் மாதம், 1864 ஜனவரியில், அடிமைகளுக்கு விடுதலை தந்து படையில் சேர்க்கலாம் என்று சக தளபதிகளிடம் எழுத்தில் முன்மொழிந்தார். மனிதநேயம் என்பதைவிடப் போர்த் தேவையே அதற்குக் காரணம் எனினும், அச்சொல் பலருக்குப் பொறுக்கவில்லை. தென் அரசின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் அதை வெளியில் பேசாது அடக்குமாறு பணித்தார். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் பிராங்க்ளின் போரில் கிளிபர்ன் மாண்டார். கறுப்பின மக்களைப் படையில் சேர்க்கத் தென் அரசு சட்டம் இயற்றியது 1865 மார்ச்சில். அடுத்த மாதமே அதன் முதன்மைப் படை சரணடைந்தது.