நெல்சன் பெயரில் ஒரு கப்பல் துறை

கிரிக்கெட் பார்க்கிற தோழர்களுக்கு ஆன்டிகுவா என்றால் விவியன் ரிச்சர்ட்ஸ். கரீபியன் கடலில் 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னத் தீவு. அங்குள்ளவர்கள் 'ஆன்டீகா' என்றே சொல்கிறார்கள். சுற்றுலாப் பிரசுரங்களில் அது 365 கடற்கரைகள் உள்ள தீவு. நாளுக்கு ஒன்றாக ஓர் ஆண்டு முழுக்கக் குளிக்கலாமாம். கடற்கரை அலுத்துப் போனவர்களுக்கு 'வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்கள்' என்று ஒரு பட்டியலும் தருகிறார்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்தையும் கட்டியது யார், செத்தது யார், பெயர் பொறிக்கப்பட்டது யாருக்கு என்று கேட்டுப் பார்ப்போம்.

பட்டியலில் முதலில் வருவது நெல்சன் கப்பல் துறை. தீவின் தென்கரையில், ஆங்கிலத் துறைமுகம் எனப்படும் இடத்தில் இருக்கிறது. மூன்று பக்கமும் குன்றுகள் சூழ்ந்த ஆழமான குடா. புயல் வந்தாலும் கப்பல் பத்திரமாக நிற்கும், எதிரி வந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. சர்க்கரைத் தீவுகளைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து காக்க வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைப் பழுது பார்க்க 1720களில் இங்கே வேலை தொடங்கியது. 1889இல் கடற்படை இதைக் கைவிட்டது. இப்போது அந்தக் கல் கட்டடங்களில் உணவகங்களும் விடுதிகளும் நடக்கின்றன, குடாவில் பணக்காரர்களின் பாய்மரப் படகுகள் நிற்கின்றன.

நெல்சன் இங்கே எத்தனை நாள் இருந்தார்? 1784இல் ஓர் இளம் கப்பல் தலைவனாக வந்து 1787இல் கிளம்பிவிட்டார். அந்த மூன்று ஆண்டுகளும் இந்த இடத்தை வெறுத்துக் கடிதம் எழுதியதுதான் மிச்சம். இந்தத் துறையை அவர் கட்டவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது கட்டப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிந்து கிடந்த கட்டடங்களைப் புதுப்பித்தபோது, ஆள்களை இழுக்கும் பெயர் என்று அவர் பெயரை ஒட்டினார்கள். அடிமை வணிகத்தை ஒழிக்க முயன்றவர்களைத் திட்டி, சாவதற்குச் சில மாதம் முன்பு 1805இல், ஜமைக்காவின் பெரிய தோட்ட முதலாளி ஒருவருக்குக் கடிதம் எழுதியவர் இந்த நெல்சன்.

கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்கள். சுற்றியிருந்த தோட்டங்கள் தம் அடிமைகளை வேலைக்கு அனுப்பின. கடற்படை தன் கணக்கிலேயே அடிமைகளை வாங்கியும் வைத்திருந்தது. மலையை வெட்டியது, கல் சுமந்தது, கப்பல் தச்சு, கொல்லு வேலை எல்லாம் அவர்கள் கை. 1744 மார்ச் 8 அன்று இங்கே நடந்த வெடிமருந்து விபத்தில் எட்டு அடிமைகள் இறந்தார்கள். நெல்சன் பெயர் எல்லாப் பலகையிலும் இருந்தது, இந்த எட்டுப் பேரைப் பற்றி வெகுகாலம் யாரும் பேசவில்லை. அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் ஆவணங்களைத் துழாவி, துறையில் உழைத்த அடிமைகளின் பெயர்களைத் திரட்டத் தொடங்கினார்கள். அந்த முயற்சிக்கு 'மார்ச் 8' என்றே பெயர் வைத்தார்கள். 2016இல் யுனெஸ்கோ இந்தத் துறையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு இல்லாமல் இது எழுந்திருக்க முடியாது என்பதைப் பதிவு செய்தது. பட்டியலில் சேர்ந்த பெயரிலும் நெல்சன் இல்லை. வெறும் 'ஆன்டிகுவா கடற்படைத் தளம்'தான். சுற்றுலாக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

மேலே ஷெர்லி குன்று. படைவீடுகளின் இடிபாடுகள், ஞாயிறு மாலையில் எஃகு மேள இசை, சுட்ட இறைச்சி, சூரிய அஸ்தமனம். படம் எடுக்க நல்ல இடம், அவ்வளவுதான்.

தீவின் உட்பகுதிக்குப் போனால் காற்றாலைக் கோபுரங்கள் கண்ணில் படும். கரும்பு ஆட்டுவதற்குக் கட்டியவை. கூம்பு வடிவில், தலையில்லாமல், புல்வெளிகளுக்கு நடுவே நூற்றுக்கும் மேல் இன்னும் நிற்கின்றன. அவற்றில் பார்வையாளர்களுக்கென்று சீரமைத்து வைத்திருப்பது 'பெட்டியின் நம்பிக்கை' என்ற தோட்டத்தில். பெட்டி, முதலாளியின் மகள். 1674இல் இந்தத் தோட்டம் கோட்ரிங்டன் குடும்பத்துக்குக் கிடைத்தது. 1944 வரை அவர்கள் கையிலேயே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 400 அடிமைகள் இங்கே இருந்தார்கள்.

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் ஆலைக்கு இரவு பகல் கிடையாது. வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும், காற்று இருக்கும்போதே ஆட்டிவிட வேண்டும். செங்குத்தாக நிற்கும் இரும்பு உருளைகளுக்கு நடுவே கையால் கரும்பைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது பெண்களின் வேலை. தூக்கக் கலக்கத்தில் விரல் மாட்டினால் கை முழுவதும் உள்ளே போய்விடும், காற்றை நிறுத்த முடியாது. அதனால் கரீபியன் ஆலைகளில் உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு வெட்டரிவாள் தயாராக இருந்தது, மாட்டிய கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற. சாறு அடுத்த கட்டடத்துக்குப் போகும். அங்கே வரிசையாகச் செப்புக் கொப்பரைகள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அகப்பையால் மாற்றி மாற்றிக் காய்ச்சுவார்கள். நம் ஊரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்றவர்களுக்கு அந்த அனல் தெரியும். அதை மாதக்கணக்கில், சாட்டைக்குக் கீழே நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சர்க்கரைப் பணம் எங்கே போனது? ஒரு பங்கு ஆக்ஸ்போர்டுக்குப் போனது. 1710இல் இறந்த கிறிஸ்டோபர் கோட்ரிங்டன், ஆல் சோல்ஸ் கல்லூரிக்குப் பத்தாயிரம் பவுண்டும் தன் புத்தகங்களையும் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் எழுந்த நூலகம் மூன்று நூற்றாண்டு அவர் பெயரைச் சுமந்தது. மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு 2020இல்தான் கல்லூரி அந்தப் பெயரைக் கைவிட்டது. அவருடைய சிலை மட்டும் உள்ளேயே இருக்கிறது.

பட்டியலில் கடைசியாக, சில பிரசுரங்களில் விட்டே போகிற ஓர் இடம்: தலைநகர் செயின்ட் ஜான்ஸின் சாலைச் சந்திப்பு ஒன்றில் நிற்கும் கிளாஸ் இளவரசரின் சிலை. நாம் நீண்ட நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

பத்து வயதில் இன்றைய கானா கடற்கரையிலிருந்து பிடித்து வரப்பட்ட சிறுவன். எஜமானர்கள் வைத்த பெயர் கோர்ட். தீவின் சட்டசபைத் தலைவராக இருந்த தாமஸ் கெர்பியின் அடிமை. ஆனால் அக்கான் மக்கள் அவரைத் தங்கள் அரசராக ஏற்றுக்கொண்டார்கள். தீவில் பிறந்த அடிமைகளின் தலைவரான டாம்பாய் என்ற தச்சருடன் அவர் கைகோர்த்தார். இது சாதாரண விஷயமல்ல. ஆப்பிரிக்காவில் பிறந்தவர், தீவில் பிறந்தவர் என்ற பிளவை எஜமானர்கள் ஊட்டி வளர்த்தார்கள். ஒருவர் மற்றவரைக் கீழாகப் பார்த்தார். உட்சாதி பேசிச் சிதறும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

1736 அக்டோபரில் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் முடிசூட்டு நாளுக்காக ஒரு நடன விருந்து ஏற்பாடாகியிருந்தது. தீவின் வெள்ளைப் பெருங்குடிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அங்கே இருக்கை செய்யும் தச்சு வேலையை டாம்பாய் வாங்கி, அந்தச் சாக்கில் வெடிமருந்தைப் பதுக்க வேண்டும். வெடிச் சத்தம் கேட்டதும் வெளியே காத்திருக்கும் அணிகள் பல திசைகளிலிருந்து நகருக்குள் நுழைய வேண்டும் என்பது திட்டம்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், திறந்த வெளியில், கிளாஸ் ஒரு கேடய நடனம் ஆடினார். தலைக்கு மேல் அரச குடை பிடிக்கப்பட்டது. அக்கான் மரபில் அது போர் அறிவிக்கும் சடங்கு. அரசர் ஆட, கூடியிருப்பவர்கள் அவரோடு நிற்பதாக உறுதி கொடுப்பார்கள். வெள்ளையர்களும் அங்கே நின்று பார்த்தார்கள். அடிமைகள் ஏதோ ஆடிப்பாடி மகிழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். தங்கள் மீது போர் அறிவிக்கப்படுவதை வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன எஜமானர்களை வரலாற்றில் வேறெங்கும் நாம் படித்ததில்லை. குடை பிடிக்கத் தடை விதிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளான நாம், அந்தக் குடையைத் தனியாகக் குறித்துக்கொள்வோம்.

விருந்து தள்ளிப் போனது. இடைப்பட்ட நாட்களில் விஷயம் கசிந்தது. அக்டோபர் 20 அன்று கிளாஸைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை நொறுக்கிக் கொன்றார்கள். தொடர்ந்து பல மாதம் விசாரணை நடந்தது. மொத்தம் 88 பேர் கொல்லப்பட்டார்கள்: ஐந்து பேர் சக்கரத்தில், ஆறு பேர் கூண்டில் தொங்கவிடப்பட்டுப் பட்டினியில், 77 பேர் உயிரோடு தீயில். கொல்லப்பட்ட ஒவ்வோர் அடிமைக்கும் அவனுடைய எஜமானனுக்குப் பொதுப் பணத்திலிருந்து ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது.

எரிக்கப்பட்டவர்களில் ஹெக்டர் என்ற கங்காணியும் ஒருவர். அவருடைய எஜமானர் ஐசக் ராயல், இந்தக் கலகத்துக்குப் பின் 1737இல் தன் அடிமைகளோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அவர் மகன் எழுதிவைத்த சொத்திலிருந்துதான் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி 1815இல் உருவானது. ராயல் குடும்பத்தின் கோதுமைக் கட்டுகளே ஹார்வர்ட் சட்டப் பள்ளியின் சின்னமாக இருந்தன. மாணவர்கள் போராடி 2016இல் அகற்ற வைத்தார்கள். 2019இல் ஆன்டிகுவா பிரதமர் இழப்பீடு கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு. அடிமைகளுக்கு ஒரு காசு கிடையாது. இந்தச் சட்டத்தில் நம் பாடப் புத்தகங்கள் சொல்லாத ஒரு பிரிவு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு இது பொருந்தாது என்றது அந்தப் பிரிவு. அதாவது, ஆன்டிகுவாவில் 1834 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 29,000 பேர் விடுதலை ஆனபோது, தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட, அடகு வைக்கப்பட்ட பறையர்களும் பள்ளர்களும் சட்டப்படி அடிமைகளாகவே இருந்தார்கள். கம்பெனிப் பகுதிக்கு 1843இல்தான் ஒரு சட்டம் வந்தது. அதுவும் அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை, நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்காது என்று மட்டும் சொன்னது. தண்டனைச் சட்டத்தில் அது குற்றமாவதற்கு 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆன்டிகுவா விடுதலையையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மற்ற தீவுகள் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் 1838 வரை இழுத்தடித்தபோது, ஆன்டிகுவா முதலாளிகள் உடனே விடுவித்தார்கள். கருணையால் அல்ல. தீவில் ஒதுங்க ஒரு துண்டு நிலம்கூட மிச்சமில்லை. விடுதலையானவன் மறுநாள் காலை அதே தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தாக வேண்டும். சோறு போடுவதைவிடக் கூலி கொடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். அடுத்து வந்த ஒப்பந்தச் சட்டம் குடிசையையும் வேலையையும் சேர்த்துக் கட்டியது. வேலைக்கு வராதவன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு, எதிர்த்துப் பேசினால் வெளியேற்றப்பட்ட நம் தாத்தா பாட்டிகளுக்குக் குடியிருப்பு மனை சொந்தமாக 1971ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அந்தப் பிடியிலிருந்து நழுவியவர்கள் சிறு மனைகளை வாங்கிச் சொந்த ஊர்களை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் லிபர்ட்டா. விடுதலை என்ற சொல்லையே ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். நெல்சன் துறைக்குப் போகிற சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

மேரி பிரின்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெர்முடாவில் பிறந்து, பல கை மாறி ஆன்டிகுவா வந்தவர். எழுத்துக் கற்றது இங்கே மொரேவிய சபையில். விடுதலையான கறுப்பர் ஒருவரை மணந்துகொண்டதும் இங்கேதான். எஜமானர்கள் 1828இல் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார்கள்; அங்கே அவர்களை விட்டு வெளியேறினார். இங்கிலாந்தில் இருக்கும்வரை சுதந்திரம், கணவனிடம் திரும்பினால் மீண்டும் அடிமை. 1831இல் வெளியான அவருடைய வரலாறுதான் பிரிட்டனில் அச்சேறிய ஒரு கறுப்பினப் பெண்ணின் முதல் தன்வரலாறு. நம் வாசிப்பு வட்டங்களில் பாமாவின் 'கருக்கு'வோடு வைத்துப் படிக்க வேண்டிய நூல்.

லிபர்ட்டாவுக்குக் கிழக்கே பெத்தேஸ்தா. 1951இல் கூலி உயர்வு கேட்டுக் கரும்புத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பட்டினி போட்டுப் பணிய வைப்பேன் என்ற தோட்ட முதலாளியைத் தொழிற்சங்கத் தலைவர் வி. சி. பேர்ட் அங்கே ஒரு புளியமரத்தடியில் சந்தித்தார். கடற்கரைச் சிப்பியையும் காட்டுக் கீரையையும் தின்று, குட்டைத் தண்ணீரைக் குடித்தாவது நிற்போம் என்பதே அவர் சொன்ன பதில். மாதக்கணக்கில் நின்றார்கள், முதலாளி இறங்கி வந்தார். 1981இல் தீவு விடுதலை பெற்றபோது முதல் பிரதமரானவர் இதே பேர்ட். பின்னாளில் நாட்டைக் குடும்பச் சொத்தாக்கினார் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கடற்கரையைத் தேடி வருகிறவர்கள் விமானத்தை விட்டு இறங்குவது அவர் பெயரைத் தாங்கிய நிலையத்தில்தான்.