முழங்கால் மூட்டு மாற்று அறுவை மருத்துவம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை மருத்துவம் என்பது தேய்ந்து பழுதடைந்த முழங்கால் மூட்டின் பரப்புகளை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தாலும் நெகிழியாலும் ஆன செயற்கை உறுப்பைப் பொருத்தும் மருத்துவ முறை ஆகும். வலியைப் போக்குவதும் நடக்கும் திறனை மீட்பதும் இதன் நோக்கங்கள். அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். எனினும் அதன் பயன் பெரிதும் அறுவைக்கு முந்தைய ஆயத்தத்தையும், பிந்தைய மூன்று மாதப் பயிற்சியையும் பொறுத்தே அமைகிறது. இக்கட்டுரை அவ்விரண்டையும், சேலம், நாமக்கல் சமவெளிப் பகுதியின் வாழ்க்கை முறையோடு சேர்த்து விளக்குகிறது.

வரலாறு

1890 ஆம் ஆண்டில் பெர்லின் நகர அறுவை மருத்துவர் தெமிஸ்டோகிளிஸ் குளுக் யானைத் தந்தத்தால் செய்த மூட்டைப் பொருத்த முயன்றார். நோய்த்தொற்றின் காரணமாக அம்முயற்சி நிலைக்கவில்லை. 1962 இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி உலோகம், பாலித்தீன், எலும்புச் சிமெண்டு ஆகியவற்றைக் கொண்டு இடுப்பு மூட்டு மாற்றை வெற்றிகரமாகச் செய்தார். அதே முறையைப் பின்பற்றி பிராங்க் கன்ஸ்டன் 1968 இல் முழங்காலுக்கான மூட்டை உருவாக்கினார். 1974 இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவர் குழுவினரும் பொருத்திய மூட்டே இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு முன்னோடியாகும்.

யாருக்குத் தேவைப்படுகிறது

முதுமையில் குருத்தெலும்பு தேய்வதால் வரும் மூட்டழற்சியே முதன்மைக் காரணம். முடக்குவாதம், பழைய எலும்பு முறிவு ஆகியன பிற காரணங்கள். எக்ஸ் கதிர்ப் படத்தில் தேய்மானம் தெரிவதால் மட்டும் அறுவை செய்யப்படுவதில்லை. உடல் எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி, வலி மருந்து ஆகியவற்றுக்குப் பின்னரும் வலி தூக்கத்தையும் அன்றாட நடையையும் கெடுத்தால் மட்டுமே அறுவை பரிந்துரைக்கப்படும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. இதற்கு மிகுந்த நீரைப் பல்லாண்டு பருகினால் எலும்பு தடித்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, மூட்டுகள் விறைக்கும். இந்நோய் மூட்டுத் தேய்மானம் போலவே தோன்றக்கூடும். ஆகவே ஆழ்துளைக் கிணற்று நீரை நெடுங்காலம் பருகியவர்கள் அதனை மருத்துவரிடம் தெரிவிப்பது நோயைச் சரியாக அறிய உதவும்.

அறுவைக்கு முந்தைய ஆயத்தம்

உடல்நிலை: செயற்கை மூட்டில் தொற்று ஏற்பட்டால் மூட்டையே கழற்ற வேண்டிவரலாம். எனவே தொற்றுக்கு வழிவகுக்கும் அனைத்தும் முன்கூட்டியே சரி செய்யப்படுகின்றன.

- நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றைக் கட்டுக்குள் கொண்டுவருதல்.
- சொத்தைப் பல், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு மருத்துவம் பெறுதல்.
- பித்தவெடிப்பு, சேற்றுப்புண் ஆகியவற்றை ஆற்றுதல். செருப்பின்றி வயலில் வேலை செய்வோர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும்.
- முழங்காலில் பச்சிலைக் கட்டு, சூடான ஒத்தடம் ஆகியவற்றை நிறுத்துதல். இவற்றால் கொப்புளம் உண்டானால் அறுவை தள்ளிப்போகும்.
- மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அறுவைக்கு முன் ஏறத்தாழ மூன்று மாத இடைவெளி விடுதல்.
- புகைப்பதைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்துதல்.
- இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகள், நாட்டு மருந்துகள் உள்ளிட்ட அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுதல். எதனையும் தாமாக நிறுத்தக்கூடாது.

பயிற்சி: காலை நீட்டியபடி முழங்காலைப் படுக்கையில் அழுத்தி ஐந்து நொடி இறுக்கும் தொடைத் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே பழக வேண்டும். வலியால் மெலிந்திருக்கும் தசை அறுவைக்குப் பின் தானாக வலுப்பெறாது.

வீடு: சிற்றூர் வீடுகளில் தரையில் படுத்தல், தரையில் அமர்ந்து உண்ணல், கீழே வைத்த அடுப்பில் சமைத்தல், குந்தி அமரும் கழிப்பறை ஆகியன வழக்கம். முழங்கால் உயரக் கட்டில், கைப்பிடி உள்ள நாற்காலி, மேற்கத்திய கழிப்பறை அல்லது கழிப்பறை நாற்காலி ஆகியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். தரைப் பாய், மின்கம்பி, வழுக்கும் குளியலறை, உயர்ந்த நிலைப்படி ஆகியன விழுவதற்குக் காரணமாகும்.

அறுவை

பெரும்பாலும் முதுகில் போடப்படும் மரப்பூசியால் இடுப்புக்குக் கீழே உணர்விழக்கச் செய்வர். கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர் எதிர்ப்பி செலுத்தப்படும். தொடை எலும்பின் கீழ்முனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கப்படும். தொடை எலும்பில் கோபால்ட் குரோமியக் கலவை உறையும், கீழ் எலும்பில் உலோகத் தட்டும், இடையில் பாலித்தீன் துண்டும் பொருத்தப்படும். முழு மூட்டும் அகற்றப்படுவதாகப் பலர் எண்ணுவது தவறு. தேய்ந்த பரப்பு மட்டுமே மாற்றப்படுகிறது.

மீட்பு

முதல் நாட்கள்: அன்றோ மறுநாளோ நடைச்சட்டத்தின் (வாக்கர்) உதவியுடன் எழுந்து நிற்கச் செய்வர். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது கால் இரத்தக் குழாய்களில் குருதி உறைவதைக் குறைக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வது இதமாக இருக்கும். ஆனால் கால் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும் என்பதால் அது கூடாது; குதிகாலின் கீழ் வைக்கலாம்.

முதல் ஆறு வாரங்கள்: 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிக்கப்படும். இரண்டு வாரங்களுக்குள் முழங்கால் ஏறத்தாழ 90 பாகை மடங்குவதும், முழுமையாக நீள்வதும் இலக்கு. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காமல் வைத்திருப்பதே இக்கட்டத்தின் பெரிய இடர். உள்ளே தழும்புத் திசு இறுகிவிட்டால் மீண்டும் மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்க வேண்டிவரலாம். ஆகவே வலி மருந்தைத் தவிர்க்காமல் உண்டு பயிற்சி செய்வதே முறை. படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது அறுவை செய்த காலையும் முதலில் வைக்க வேண்டும்.

பின்னர்: பலர் ஆறு வாரங்களில் ஊன்றுகோல் இன்றி நடக்கின்றனர். வீக்கமும் சூடும் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை இருக்கலாம். முழுப் பயன் தெரிய ஓராண்டு ஆகலாம். நடை, மிதிவண்டி, நின்று செய்யும் வேலைகள் ஆகியன ஏற்றவை. குந்தி அமர்தல், பெருஞ்சுமை தூக்குதல், குதித்தல் ஆகியன தவிர்க்கத்தக்கவை. குழித்தறி நெசவு, தரையில் அமர்ந்து செய்யும் வெள்ளிக் கொலுசு வேலை, களையெடுப்பு ஆகிய தொழில்களைச் செய்வோர் பழைய முறையிலேயே தொழிலுக்குத் திரும்ப இயலுமா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டறிய வேண்டும். இருக்கையின் உயரத்தை மாற்றிக்கொள்ள இயலாத தொழிலில், வலி நீங்கினாலும் வருவாய் பாதிக்கப்படலாம்.

உணவு

அறுவைக்குப் பின் புண் சீழ் பிடிக்கும் என்று கருதி முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை விலக்கும் வழக்கம் உண்டு. இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. புண் ஆறவும் தசை வளரவும் புரதம் தேவை. கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் எளிதாகக் கிடைக்கும் முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது. மரக்கறி உண்போர் பருப்பு, பயறு, நிலக்கடலை, பால் ஆகியவற்றைக் கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அபாய அறிகுறிகள்

காய்ச்சல், புண்ணிலிருந்து நீர் வடிதல், மிகும் சிவப்பு, கெண்டைக்கால் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புண்ணின் மீது மஞ்சள், எண்ணெய், பச்சிலை ஆகியவற்றைப் பூசுதல் கூடாது.

பயனும் வரம்பும்

2019 இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி பத்தில் எட்டு முழங்கால் மாற்றுகள் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. எனினும் பத்தில் ஒருவர் முதல் இருவர் வரை அறுவைக்குப் பின்னும் ஓரளவு வலியுடன் இருக்கின்றனர்.

செலவும் அரசுத் திட்டங்களும்

2017 ஆகத்தில் இந்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. அப்போது கோபால்ட் குரோமிய மூட்டின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2012 சனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவையும் இடம்பெற்றுள்ளது. இதற்குக் குடும்ப அட்டை, வருமானச் சான்று ஆகியன தேவை.

இப்பகுதியில் 1986 இல் நிறுவப்பட்ட சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022 சனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கிருட்டிணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் இயன்முறை மருத்துவமும் அடங்கும். நகரத்துக்கு அடிக்கடி பேருந்தில் சென்றுவர இயலாத சிற்றூர் நோயாளிகள் இச்சேவை தம் ஊரில் கிடைக்கிறதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

இவற்றையும் பார்க்க

- மூட்டழற்சி
- முடக்குவாதம்
- புளோரைடு நச்சுமை
- இயன்முறை மருத்துவம்