மலையைக் கொடுத்தவர் யார்?

மார்க்கையன்கோட்டை வயல்வரப்பில் நின்று தலைநிமிர்ந்தால் இருபுறமும் மலைகள் தெரியும். ஒருபுறம் தேவிகுளம், பீர்மேட்டுத் தொடர், மறுபுறம் மேகமலை. இம்மலைகளை வெள்ளையர் ‘கண்டுபிடித்தனர்’ என்று எழுதுவோர் இன்றும் உண்டு. பளியரும் முதுவரும் மன்னான்களும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மலையை, நேற்று வந்தவர் கண்டுபிடித்தாராம்! இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகிடக்கும் சூதை, தோழர்களே, சற்று விரித்துப் பார்ப்போம்.

1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் கரையேறிய தீவில் மக்கள் இருந்தனர். அத்தீவுக்குக் குவானகானி என்று அவர்கள் இட்ட பெயரும் இருந்தது. வந்தவர் இந்தியாவை அடைந்துவிட்டதாக எண்ணி, அம்மக்களை இந்தியர் என்றார். தீவுக்கும் வேறு பெயர் சூட்டினார். மறு ஆண்டு, 1493 மே மாதம், போப் ஆறாம் அலெக்சாந்தர் மேற்குக் கடலின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அப்பாலுள்ள நிலங்களை ஸ்பெயின் அரசர்க்கு வழங்கி ஆணையிட்டார். ரோமாபுரியில் இருந்தவர் கொடுத்தார். ஸ்பெயினில் இருந்தவர் பெற்றார். நிலத்தில் வாழ்ந்தவரை எவர் கேட்டார்? அரை நூற்றாண்டுக்குள் கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள், வாளாலும் கொடிய வேலையாலும் புதிய நோய்களாலும் பெரும்பாலும் அழிந்துபோயினர்.

“அது கடல்கடந்த கதை, நமக்கென்ன?” என்பீர்களா? அதே கதையின் சிறு பதிப்பு நம் மலையிலும் அரங்கேறியது.

1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் திண்டுக்கல் சீமையும், அதிலடங்கிய கம்பம் பள்ளத்தாக்கும் கும்பினியார் கைக்கு உறுதியாயின. அடுத்து வந்தது அளவுச் சங்கிலி. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் எனும் படை அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். 1821இல் வார்டு பழனி மலையையும் அளந்தார். கடும் காட்டில் உழைத்தவர்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் வரைபடம் வந்தால் வரிவிதிப்பு வரும். வரிக்குப் பின்னே வாணிகம் வரும்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ எனும் வெள்ளையர் பூஞ்சாற்றுத் தலைவரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். இருநூறு சதுர மைலுக்கு மேற்பட்ட நிலம்! விலை என்ன தெரியுமா? ரூபாய் 5,000, ஆண்டுக் குத்தகை 3,000. கொடுத்தவர் அம்மலையில் ஒரு கிழங்கேனும் அகழ்ந்தவரல்லர், வாங்கியவரோ அன்னியர். இடையில் வாழ்ந்த முதுவர் பேரத்தில் பங்குபெறவில்லை. அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயரே மலைக்கு வந்தது என்பர். அந்தப் பெயர் இன்று தேயிலைப் பொட்டலத்தின் மேல் இருக்கிறது. பெயர் மிஞ்சியது, உரிமை மிஞ்சவில்லை.

1882இல் சென்னை மாகாண வனச்சட்டம் பிறந்தது. அரசு காட்டை ஒதுக்கி அறிவிக்கும். குறித்த காலத்துக்குள் அதிகாரியின் முன் உரிமை கோராதவரின் உரிமை அற்றுப்போகும்! எழுத்தறியா மக்களுக்கு அரசிதழில் அறிவிப்பு! தேனெடுத்தவன் திருடனானான், தன் காட்டில் தானே அத்துமீறியவனானான்.

1886 அக்டோபர் 29 அன்று பெரியாற்று ஒப்பந்தம் எழுந்தது. 999 ஆண்டுக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ரூபாய் ஐந்து. 1895இல் அணையின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே பாய்ந்தது. வறண்ட நிலம் வயலாயிற்று. பென்னிகுக்கின் உழைப்பையும், காய்ச்சலில் மடிந்த தொழிலாளரின் தியாகத்தையும் இப்பள்ளத்தாக்கு மறவாது, மறக்கவும் கூடாது. ஆயினும் நீரில் மூழ்கிய காடு யாருடைய காடு? ஒப்பந்தத்தில் திருவிதாங்கூர் மன்னரின் தரப்பு இருந்தது; பிரிட்டிஷ் அரசின் தரப்பு இருந்தது. மன்னான், பளியர் தரப்பு என ஒன்று இருந்ததா? நாம் உண்ணும் சோற்றில் அவர்கள் இழந்த காட்டின் பங்கும் கலந்திருக்கிறது.

வெள்ளையர் மீது மட்டும் பழிபோட்டுக் கைகழுவுவது பகுத்தறிவாகாது. மலையை விற்ற கை நம்மவர் கை. “காட்டான்” என்பதை வசைச்சொல்லாக வழங்குவது நம் நாக்கு. கொலம்பஸ் கூட்டம் தைனோ மக்களைப் பார்த்த அதே பார்வையால்தான், சந்தைக்குத் தேனோடு வரும் பளியரைச் சாதிச் செருக்கு பார்க்கிறது. நிறவெறியைத் தூற்றிக்கொண்டே சாதிவெறியைப் போற்றுபவனுக்குப் பிறரைக் குறைகூறும் தகுதி ஏது?

2006இல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. காட்டுமக்களுக்கு ‘வரலாற்று அநீதி’ இழைக்கப்பட்டதென அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. காட்டில் வாழ்வோர் கிராம சபை கூட்டித் தம் உரிமையைக் கோரவும் அது வழிசெய்கிறது. 2021இல் திருவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமாயின. புலி வாழட்டும், காடு செழிக்கட்டும். ஆனால் எல்லை குறிப்பவர் அங்குள்ள மனிதரை முதலில் கேட்கட்டும்!

இளைஞர்களே, சட்டம் ஏட்டில் இருக்கிறது; அதை மலையேற்றுவது உங்கள் கடன். படிக்கத் தெரிந்த நீங்கள் அவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். மனு எழுதத் துணைநில்லுங்கள். நம் வயலுக்கு நீர் வந்த மலைக்கு, நம் கையிலிருந்து நீதி போய்ச் சேரட்டும்.