திருகோணமலையின் கட்டாக்காலி நாய்: ஒரு வரலாற்று நோக்கு

உரியவரின்றித் தெருவிலே திரியும் நாயை ஈழத்துத் தமிழர் 'கட்டாக்காலி' என்பர். 'காலி' என்பது ஆநிரையைக் குறிக்கும் பழஞ்சொல். கட்டப்படாத மாட்டைச் சுட்டிய பெயர் காலப்போக்கில் நாய்க்கும் உரித்தாயிற்று. இச்சொல் விலங்கின் இனத்தையோ குணத்தையோ கூறவில்லை. மனிதனோடு அதற்கு உறவில்லை என்பதை மட்டுமே கூறுகின்றது. அவ்வுறவின்மையே நாயின் சாவைத் தீர்மானித்த காலமொன்று இருந்தது. அதனைத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஆராய்தல் பொருத்தமாகும்.

உறவுடைய நாயைத் தமிழர் மதித்தே வந்துள்ளனர். தொல்காப்பிய மரபியல் புலியின் இளமைக்குரிய 'குருளை' என்னும் பெயரையே நாய்க்கும் வழங்குகின்றது. தமிழ்நாட்டின் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல், கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற 'கோவிவன்' என்னும் நாயைப் பெயர் சுட்டிப் போற்றுகின்றது. வீரனுக்கருகே அந்நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.

திருகோணமலைத் தெருநாய்க்கோ இத்தகைய பதிவு வாய்க்கவில்லை. போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டியது முதல், 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்தது வரை, பல நாட்டார் கலங்கள் இத்துறையை நாடின. மாலுமிகள் கலங்களில் நாய் வளர்ப்பதும் உண்டு. ஆதலின் துறைமுகத் தெருக்களில் நாயினங்கள் கலந்திருத்தல் வியப்பன்று. அக்கலப்பின நாய் ஆவணங்களில் இடம்பெற்றது சட்டத்தின் வாயிலாகவே எனலாம். 1893ஆம் ஆண்டின் விசர்நாய் நோய்க் கட்டளைச்சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச்சட்டமும் இலங்கை நாய்களை உரியவருள்ளவை, இல்லாதவை என இரண்டாகப் பகுத்தன. பதிவுமின்றி, உரிமை கோருவாருமின்றிப் பிடிபட்ட நாய் கொல்லப்படலாயிற்று.

இதற்குக் காரணமான நோயச்சம் வெறும் கற்பனையன்று. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய் நோயால் மாண்டனர். ஆயினும் கொலை நோயை ஒழிக்கவில்லை. கொல்லப்பட்ட நாயின் இடத்தையும் எஞ்சிய உணவையும் தடுப்பூசி பெறாத வேறொரு நாய் வந்து பற்றிக்கொள்ளும். 1970களின் நடுப்பகுதியிலிருந்து தடுப்பூசித் திட்டம் விரிவடைந்தது. 2006இல் கொல்லாமைக் கொள்கை ஏற்கப்பட்டு, கருத்தடைக்கு முதன்மை தரப்பட்டது. 2010க்குப் பின் இந்நோயால் ஆண்டுதோறும் நேரும் இறப்பு ஐம்பதுக்கும் கீழே இறங்கியது.

கட்டாக்காலிகள் யாவும் தெருவிலே பிறந்தவையென எண்ணுதலும் தவறு. 1990இலும் 2006இலும் போரினாலும், 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையினாலும் திருகோணமலை மாவட்ட மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். உயிரைக் காக்க ஓடுவோர்க்கு நாயை உடன்கொண்டு செல்லல் எளிதன்று. அகதி முகாமில் அதற்கு இடமும் இல்லை. நேற்றுவரை வாசலைக் காத்த நாய் மறுநாளே கட்டாக்காலியாயிற்று. அது மாறவில்லை, அதன் மனிதரே இல்லாமற் போயினர்.

இந்நோக்கிற் காணுமிடத்து, சிறியதொரு கலப்பினத் தெருநாயை வீட்டிற்கு ஏற்றல் இரக்கச் செயல் மட்டுமன்று. தடுப்பூசி, கருத்தடை, பதிவு என்பவற்றுக்கு ஒருவர் பொறுப்பேற்கும்போது அயலாரின் நலனும் காக்கப்படுகின்றது. சட்டமும் போரும் கடலும் அறுத்த உறவு மீண்டும் பிணைக்கப்படுகின்றது. கோவிவனுக்குக் கிடைத்த கல் அதற்குக் கிடைக்க வேண்டுவதில்லை. அழைப்பதற்கொரு பெயர் கிடைத்தாலே அது கட்டாக்காலி என்னும் சொல்லினின்று விடுபட்டுவிடும்.