தாமாரின் அங்கி: எபிரேய வேதத்தில் பெண்ணுடலும் அதிகாரமும்

யோசேப்பின் பலவர்ண அங்கியைக் கேள்விப்படாத ஆக்கள் குறைவு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அது ஞாயிறு பாடசாலையில் நிறம் தீட்டின படம். மற்றவர்களுக்கும் எங்கேயோ காதில் விழுந்த கதை. ஆனால் அந்த அங்கியைக் குறிக்கிற அதே எபிரேயச் சொற்றொடர் வேதத்தில் இன்னொரு ஆளின் உடைக்கும் வருகிறது. அவள் தாவீது ராஜாவின் மகள் தாமார். 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் அவள் தன் அங்கியைக் கிழித்து, தலையில் சாம்பலைப் போட்டு, கையைத் தலையில் வைத்து அழுதுகொண்டு போகிறாள். யோசேப்பின் அங்கியைத் தெரிந்த எங்களில் எத்தனை பேருக்குத் தாமாரின் அங்கி தெரியும்?

இங்கே நாங்கள் யாருடைய விசுவாசத்தையும் அளக்க வரவில்லை. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு எண்டு சொல்கிற எபிரேய வேதம், பல நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதித் தொகுத்த ஒரு வரலாற்று ஆவணமும்தான். அந்த ஆவணத்திடம் நாங்கள் கேட்கிற கேள்வி இது: பாலியல் வன்முறை நடக்கேக்க, யாருக்கு அநியாயம் நடந்ததாக அது கணக்கு வைக்கிறது? அந்தக் கணக்குக்குள் பெண்ணின் குரலுக்கு இடம் இருக்கா?

சொல்லும் சட்டமும்

முதலில் சொல்லைப் பார்ப்பம். இன்றைக்கு நாங்கள் 'பாலியல் வல்லுறவு' எண்டு சொல்வதற்குச் சரிநிகரான ஒரு தனிச் சொல் பழைய எபிரேயத்தில் இல்லை. இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது 'இன்னா' எண்ட வினைச்சொல். (எங்கட பழந்தமிழ் 'இன்னா'வுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.) ஒருவரைத் தாழ்த்துவது, ஒடுக்குவது எண்டுதான் அதன் அடிப்படைப் பொருள். சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கொடுமைப்படுத்துவதற்கும் இதே சொல்தான். எகிப்தியர் இஸ்ரவேலரைக் கட்டாய வேலையில் ஒடுக்குவதற்கும் இதே சொல்தான். ஆகவே அந்தச் சமூகம் இந்த வன்முறையைக் காமத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதிகாரம் உள்ளவன் இல்லாதவரைக் கீழே தள்ளுகிற செயலாகவும் அதைப் பார்த்திருக்கு.

அப்படியெண்டால் சட்டம் பெண்ணின் பக்கம் நிண்டதா? உபாகமம் 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நியமிக்கப்படாத, அதாவது கல்யாணம் பேசப்படாத கன்னிப்பெண்ணை ஒருவன் பிடித்து உறவுகொண்டால், அவன் அவளுடைய தகப்பனுக்கு 50 வெள்ளிச் சேக்கல் கொடுக்கவேண்டும். அவளைக் கல்யாணம் கட்டவேண்டும், உயிருள்ளவரை தள்ளிவிடவும் முடியாது. காசு போவது தகப்பனுக்கு. பெண்ணிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஏற்கெனவே நியமிக்கப்பட்டவள் எண்டால் வேறு கணக்கு. ஊருக்குள்ள நடந்தால் அவள் ஏன் கூக்குரலிடவில்லை எண்டு சட்டம் கேட்கிறது, இருவருக்கும் மரணம். வயல்வெளியில் நடந்தால் அவள் கத்தியிருப்பாள், காப்பாற்ற ஆள் இருந்திருக்காது எண்டு எடுத்துக்கொண்டு ஆணை மட்டும் தண்டிக்கிறது. 'ஏன் கத்தேல்ல?' எண்ட கேள்வி எவ்வளவு பழசு எண்டு இதில் விளங்கும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். இது எபிரேயருக்கு மட்டும் உரிய கொடுமை இல்லை. பக்கத்து மெசொப்பொத்தேமியாவில், ஆசூர் நகரில் கிடைத்த மத்திய அசீரியச் சட்டப் பலகைகளில், கெடுத்தவனுக்கு மனைவி இருந்தால் அவளைப் பெண்ணின் தகப்பன் அதே வன்முறைக்கு உட்படுத்தலாம் எண்டு இருக்கு. ஒரு வீட்டின் 'சொத்து' சேதமானால் மற்ற வீட்டின் 'சொத்தை'ச் சேதமாக்குவது. எபிரேயச் சட்டத்தை இந்த உலகத்துக்குள்ள வைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

ராஜா இல்லாத காலம், ராஜா வந்த காலம்

உபாகமம் தொடங்கி ராஜாக்களின் புத்தகங்கள் வரை இருப்பது ஒரே பெரிய வரலாற்று நூல், அது பாபிலோன் சிறையிருப்புக் காலத்தில் வடிவம் பெற்றது எண்டு ஜெர்மன் அறிஞர் மார்ட்டின் நோத் 1943இல் வாதிட்டார். எத்தனை கட்டமாக அது எழுதப்பட்டது எண்ட விவாதம் இன்றும் தொடருது. ஆனால் தோற்றுப்போன ஒரு சனம், 'எங்கட அரசு ஏன் விழுந்தது?' எண்டு தன்னைத்தானே கேட்டு எழுதின வரலாறு எண்ட பார்வை இந்தக் கதைகளை வாசிக்க உதவும்.

நியாயாதிபதிகள் 19இல் ஒரு லேவியனின் மறுமனையாட்டி வருகிறாள். கிபியா ஊரில் ஒரு கும்பல் லேவியனைக் கேட்டு வாசலில் நிற்க, தன்னைக் காப்பாற்ற அவன் அவளைப் பிடித்து வெளியே விடுகிறான். இராமுழுக்க வன்முறை. விடிய அவள் வாசற்படியில் கையை வைத்தபடி கிடக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, கதை முழுக்க ஒரு சொல்லும் அவள் பேசவில்லை. லேவியன் அவள் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி நாடெங்கும் அனுப்புகிறான். பென்யமீன் கோத்திரத்தோட யுத்தம் மூளுது. கடைசியில் அந்தக் கோத்திரத்தில் 600 ஆண்கள் மிஞ்ச, அவர்களுக்குப் பெண் வேண்டுமெண்டு யாபேஸ் கீலேயாத் ஊரை அழித்து 400 கன்னிகளை எடுக்கிறார்கள். மிச்சப் பேருக்கு, சீலோவில் திருவிழாவுக்கு நடனமாட வந்த பெண்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்ததுக்கு நீதி தேடப் போய், நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அதையே செய்து முடிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ராஜா இல்லை, ஆளாளுக்கு நினைத்ததைச் செய்தார்கள் எண்டு சொல்லி நியாயாதிபதிகள் புத்தகம் முடியுது. சரி, ராஜா வந்தால்?

ராஜா வந்தபிறகு 2 சாமுவேல் 11. தாவீது அரண்மனை மேல்மாடியில் நிண்டு பத்சேபாளைப் பார்க்கிறான். அவள் மாடியில் நிண்டு குளித்தாள், வேண்டுமெண்டே மயக்கினாள் எண்டு காலங்காலமாக ஓவியங்களும் பிரசங்கங்களும் சொல்லிவந்திருக்கின்றன. மூலத்தைப் பாருங்கள்: மாடியில் நிற்பது தாவீதுதான். அவள் எங்கே குளித்தாள் எண்டு மூலம் சொல்லவில்லை. அவன் பார்க்கிறான், விசாரிக்கிறான், ஆள் அனுப்புகிறான், அழைத்துவரச் செய்கிறான். வினைச்சொற்கள் கிட்டத்தட்ட முழுக்க அவனுடையவை. அந்த அதிகாரம் முழுக்க அவளிடமிருந்து வருவது, தான் கர்ப்பமாயிருப்பதைச் சொல்கிற ஒரு செய்தி மட்டும். எபிரேயத்தில் அது இரண்டே சொல். அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவிடுகிறான் தாவீது.

பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி ராஜாவை மாட்டுகிறார். துணிவான பேச்சுத்தான். ஆனாலும் அந்தக் கதையில் அநியாயம் நடந்தது ஆட்டின் சொந்தக்காரனுக்கு. பத்சேபாள் ஆட்டுக்குட்டி. ஒண்டு மட்டும் ஆறுதல்: ஆட்டுக்குட்டிமேல் பழி போட நாத்தானுக்குத் தோன்றவில்லை.

தாமார் கதைக்கிறாள்

தாமாரின் கதை அதற்கு அடுத்த அதிகாரம். தாவீதின் மூத்த மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் தங்கச்சி தாமாரில் ஆசைப்படுகிறான். சுகமில்லாதவன்போல நடித்து, அவள் கையால் பலகாரம் வேணுமெண்டு கேட்கிறான். அவளை அவன் வீட்டுக்கு அனுப்புவது தாவீதுதான். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவளைப் பிடிக்கிறான்.

அந்த நேரத்தில் தாமார் கதைக்கிறாள். மாட்டேன் எண்டு சொல்கிறாள். இஸ்ரவேலில் இப்படிச் செய்யக்கூடாது எண்டு சமூக நியாயத்தைச் சொல்கிறாள். தன் அவமானத்தோட தான் எங்கே போவது எண்டு தன்னைப் பற்றிக் கேட்கிறாள். நீயும் மதிகெட்டவனாகப் போவாய் எண்டு அவனுக்கு வரப்போவதையும் சொல்கிறாள். ராஜாவிடம் பேசு எண்டு ஒரு வழியையும் காட்டுகிறாள். நாங்கள் மேலே பார்த்த பெண்களில் எவருக்கும் கிடைக்காத இடம் இது. அவன் கேட்கவில்லை. அவளைவிடப் பலமுள்ளவன் எண்டபடியால் பலவந்தம் செய்தான் எண்டு மூலம் தெளிவாகச் சொல்லுது.

பிறகு அவனுக்கு அவள்மேல் வெறுப்பு வருகிறது. வேலைக்காரனைக் கூப்பிட்டு அவளை வெளியேற்றச் சொல்லேக்க, எபிரேயத்தில் 'பெண்' எண்ட சொல்கூட இல்லை, வெறும் 'இது'. தன்னைத் துரத்துவது முதல் செய்ததைவிடப் பெரிய அநியாயம் எண்டு தாமார் திரும்பவும் வாதாடுகிறாள். அதைச் சம்மதம் எண்டு எடுப்பது தவறு. 'கெட்டுப்போனவள்' எண்டு ஒதுக்கப்படுகிற சமூகத்தில், அவனுக்கு எஞ்சியிருக்கிற பொறுப்பைத்தான் அவள் நினைவுபடுத்துகிறாள்.

அண்ணன் அப்சலோம் அவளைச் சும்மா இருக்கச் சொல்கிறான்: அவன் உன் சகோதரன், இதை மனதில் வைக்காதே எண்டு. இதுக்குப் பிறகு தாமார் வேதத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்லுவிக்கிறான். அது தங்கச்சிக்காகவா, அடுத்த அரியணைக்காகவா எண்டு கேட்க இடமிருக்கு. ஏனெண்டால் பிறகு தகப்பனுக்கு எதிராகக் கிளம்பினவன், எல்லாரும் பார்க்க மேல்மாடியில் கூடாரம் போட்டுத் தகப்பனின் மறுமனையாட்டிகளை எடுத்துக்கொள்கிறான். அரியணையைப் பிடித்ததுக்கு அடையாளம் அந்தப் பத்துப் பெண்களின் உடல். தாவீது திரும்பி வந்து அவர்களைச் சாகும்வரை அடைத்து வைக்கிறான்.

தாவீது அம்னோனை என்ன செய்தான்? எபிரேய மூலத்தில் அவனுக்குக் கோபம் வந்தது எண்டு மட்டும் இருக்கு. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இன்னொரு வசனம் உண்டு: மூத்த மகன் எண்ட அன்பினால் அவன் அம்னோனின் மனதை நோகடிக்கவில்லை. கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளும் இதற்கு ஆதரவாக இருக்கு. தண்டனை ஏன் இல்லை எண்டதுக்கு ஒரு பழைய பதில், எங்கட கையில் இருக்கிற பல மொழிபெயர்ப்புகளில் இல்லை.

யார் வாசித்தார்கள், யார் தாண்டினார்கள்

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூத மிஷ்னா, தாவீதின் சம்பவத்தையும் அம்னோனின் சம்பவத்தையும் சபையில் வாசிக்கவும் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது எண்டு ஒரு பட்டியலில் சேர்க்கிறது. 1992இல் வந்த, பல புரட்டஸ்தாந்து சபைகள் பாவிக்கிற பொது வாசகப் பட்டியலில், ஞாயிறு வாசகம் 2 சாமுவேல் 12இலிருந்து நேராக 18க்குப் பாய்கிறது. தாவீது மகனுக்காக அழுவது கேட்கும், மகள் அழுதது கேட்காது.

அமெரிக்க வேத ஆய்வாளர் பிலிஸ் டிரிபிள் 1984இல் எழுதிய நூலில் தாமாரையும் லேவியனின் மறுமனையாட்டியையும் மையத்துக்குக் கொண்டுவந்தார். தென்னாபிரிக்காவில் உஜாமா நிலையம் பெண்களோட சேர்ந்து இந்த அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கி, அது தாமார் இயக்கமாக வளர்ந்தது. அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒண்டு எளிமையானது: இந்தக் கதையில் ஒவ்வொரு ஆணும் என்ன செய்தான்?

நாங்களும் கேட்டுப் பார்த்தம். யோனதாப் திட்டம் சொன்னான். தாவீது அவளை அனுப்பினான், பிறகு கோபப்பட்டதோட நிண்டான். அம்னோன் செய்தான். வேலைக்காரன் கதவைப் பூட்டினான். அப்சலோம் வாயை மூடச் சொன்னான். குற்றவாளி ஒருவன்தான், ஆனால் அது நடக்கவும் மறையவும் ஒரு முழு வீடு தேவைப்பட்டிருக்கு. 'வெளியில சொல்லாத, குடும்பம்' எண்ட சொல் எங்கட வீடுகளுக்கும் புதுசில்லைத்தானே. இந்த வரலாற்றை எழுதின எவரோ, ராஜ குடும்பம் மூடின கதவுக்குள்ளே அவள் என்ன சொன்னாள் எண்டதை விடாமல் எழுதி வைத்தார். அதைச் சபையிலும் வகுப்பிலும் சத்தமாக வாசிப்பது எங்கட வேலை.